கிருத்திகைக்கு வெளியூர் போகும் பாட்டில்

மே மாதத்தில் டிவியில் வெயில் செய்தி வந்தால் எங்கள் ஊர்ப் பெயரும் கூடவே வரும். வேலூர், திருத்தணி என்று ஒரே மூச்சில் வாசிப்பார்கள். அந்தத் திருத்தணிக்குத்தான் நான் ஒரு விண்டேஜ் போர்ட் ஒயின் பாட்டிலைப் பழைய பனியன்களில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். குளிர்ந்த இருட்டறையில் இருபது வருடம் படுத்துக் கிடக்க வேண்டிய சாமான் அது. புத்தி உள்ளவன் செய்கிற காரியம் இல்லை. ஆனால் நான் களைத்துப் போய் வந்திருந்தேன், களைத்தவனுக்கு ஏதாவது ஒன்று கையில் இருந்தால் தேவலை என்று இருக்கும்.

நான் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தவன். வெள்ளைக்காரக் கிழவர்களும் கிழவிகளும் ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிற மாடிமாடியான கப்பல். அதன் சாப்பாட்டுக் கூடத்தில் ஒயின் பரிமாறுவது என் வேலை. எந்தச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும், எந்த பாட்டிலை எத்தனை நேரம் முன்னால் திறக்க வேண்டும், திறந்தது கெட்டிருக்கிறதா என்று சொல்வதற்குத்தான் சம்பளம். ஊரில் என் மனைவியின் உறவுக்காரர்கள் "பார்ல சப்ளையர்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். முழுக்கத் தப்பும் இல்லை.

முப்பது வருடம் என்னை ஓட்டியது என் மூக்கு. தக்கையைப் பிடுங்கி ஒருமுறை மோந்தால் போதும். இது வெயில் பட்டது, இதில் தக்கை பூசணம் பூத்திருக்கிறது, இதை மேசைக்கு எடுத்துப் போகாதே என்று எனக்குத் தெரிந்துவிடும். குடிப்பது குறைவு. வேலை நேரத்தில் ஒரு ஸ்பூன் அளவு வாயில் விட்டுத் துப்புவதோடு சரி. எத்தனையோ விலை உயர்ந்த பாட்டில்களை நான் ஊற்றியிருக்கிறேன், ஒன்றைக்கூட உட்கார்ந்து குடித்ததில்லை.

கடைசி ஒப்பந்தத்தில் கப்பல் போர்ச்சுகலில் நின்றது. அங்கே போர்ட் ஒயின் விளைகிற பள்ளத்தாக்கைப் பல வருடம் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். கல் கட்டிய படிக்கட்டு வயல்கள், தாரை உருக்குகிற வெயில், நிழலுக்கு ஒதுங்க ஒரு புளியமரம்கூட இல்லை. இவ்வளவு வெயிலில் செய்ததை இங்கேயே வைத்தால் வெந்துவிடும் என்று அவர்களுக்கே தெரியும். அதனால் ஆற்று வழியே கடலோர ஊருக்கு இறக்கிக் கொண்டு வந்து, ஈரக்காற்று அடிக்கிற கிடங்குகளில் வைக்கிறார்கள். அந்தக் கிடங்கு ஒன்றில்தான் எனக்காக ஒரு பாட்டில் வாங்கினேன். புதுசு. பாட்டிலில் அடைத்து வெளியே வந்து அதிக நாள் ஆகாதது. கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்தார்கள். இதைக் குடிக்கும்போது உனக்கு எண்பது வயதாகியிருக்கும், மருமகள்தான் ஊட்டிவிட வேண்டும் என்றார்கள். எனக்குப் பிள்ளையே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

விண்டேஜ் போர்ட்டை எல்லா வருடமும் செய்வதில்லை. திராட்சை பிரமாதமாக வாய்த்த வருடம் என்று அவர்கள் மனதாரச் சொன்னால்தான். சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள், அதனால் பழத்தின் இனிப்பு உள்ளேயே தங்கிவிடும். கொஞ்ச காலம் மரப்பீப்பாயில் வைத்துவிட்டு, வடிகட்டாமல் பாட்டிலில் அடைப்பார்கள். மற்ற வளர்ச்சியெல்லாம் பாட்டிலுக்குள். இதை எப்போது குடிப்பது என்று மேசைக்கு மேசை கேட்பார்கள். நானும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்று, புதுசாக இருக்கும்போதே குடித்துவிடுங்கள். அப்போது அது கறுப்பாக, பழமும் காரமும் துவர்ப்புமாக, எதிரில் இருப்பவரைப் பேசவிடாத ஆள் மாதிரி இருக்கும். இல்லையென்றால் இருபது வருடம் மறந்துவிடுங்கள். அப்போது அத்திப்பழம், முந்திரி, பழைய தோல் என்று ஒவ்வொன்றாக, கிட்டப் போனால்தான் கேட்கிற குரலில் பேசும். இடையில் மட்டும் திறக்காதீர்கள். நாலைந்து வருடம் தாண்டினால் அது வாயை மூடிக்கொள்ளும். அந்தக் காலத்தில் திறந்தால் இனிப்பும் தொண்டைச் சூடும்தான் மிஞ்சும்.

என் மனைவியின் தம்பியிடம் இதைச் சொன்னேன். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவன் அவன். அவர்கள் வீட்டில் பாதித் தெலுங்கு. என்னை பாவா என்றுதான் கூப்பிடுவான்.

"அப்ப நடுவுல அத்தினி வருஷம் அது இன்னாதான் பண்ணிகினு இருக்கும் பாவா?" என்றான்.

"மூஞ்சியத் தூக்கி வச்சிகினு இருக்கும்."

"எங்க வூட்ல கோச்சிகினா மூணு நாளுதான். அப்ப அவளே பரவால்ல."

இருபது வருடம் வைப்பது என்றுதான் ஆரம்பத்தில் முடிவு. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மற்றவர்களுக்கு ஊற்றிய பழைய போர்ட்டை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன், ஒன்று எனக்கென்று பழசாகட்டுமே என்ற ஆசைதான். ஆனால் வைக்க இடம் வேண்டுமே. எங்கள் வீடு மலைக்குப் போகிற சாலையை ஒட்டிய மாடி வீடு. தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் கக்கும். கட்டிலுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஒரே வாரத்தில் பாட்டிலைத் தொட்டால் காய்ச்சல்காரன் கையைத் தொட்ட மாதிரி இருந்தது. கடைசியில் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டு, காய்கறி போடுகிற ட்ரே. கத்திரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் படுக்கப் போட்டேன். அதிர்வு கூடாது, கரண்ட் போகக்கூடாது, இவ்வளவு குளிரும் கூடாது. இருந்தாலும் வேறு வழியில்லை.

அங்கேதான் தகராறு வந்தது. என் மனைவி கிருத்திகை விரதம் இருக்கிறவள். மாதா மாதம் முதல் நாளே வீட்டைக் கழுவிவிட்டு, அபிஷேகத்துக்கு மலைக்கு எடுத்துப் போகிற பாலையும் பூவையும் ஃப்ரிட்ஜில் வைப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் தவறவிட்டதில்லை. நான் கடலில் இருந்த மாதங்களிலும் தவறவிடவில்லை, எனக்காகத்தான் இருந்தாள் என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் சொன்னதில்லை.

"சாமிக்குப் பாலு வைக்கிற எடத்துல சாராயம் வைக்கிறீங்களே, நல்லா கீதுங்களா?"

"சாராயம் இல்லம்மா, ஒயினு."

"குடிச்சா போத ஏறுமா, ஏறாதா?"

"ஏறும்."

"அப்ப சாராயந்தான்."

உள்ளே திராட்சைச் சாராயம் ஊற்றித்தான் செய்கிறார்கள் என்பதால் என்னால் மேற்கொண்டு பேச முடியவில்லை. ஒரு சமாதானத்துக்கு வந்தோம். மற்ற நாட்களில் பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கலாம். கிருத்திகைக்கு முந்தின நாள் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். மறுநாள் முடிந்து வரலாம். தீட்டு என்று பெண்கள் தனியாக இருந்த காலம் போய், எங்கள் வீட்டில் ஒரு பாட்டில் தனியாக இருக்க ஆரம்பித்தது.

எங்கே போகும்? மச்சான் வண்டிப் பெட்டியில் ஏறி ஆர்.கே.பேட்டைக்குப் போகும். அவன் வாரத்துக்கு ஒருமுறை நூல் வாங்கவோ லுங்கிக் கட்டைக் கொடுக்கவோ திருத்தணிக்கு வருவான். ஈரத் துண்டில் சுற்றி அவனிடம் கொடுப்பேன். அசையாமல் கிடக்க வேண்டிய ஒயின் மாதம் ஒருமுறை குண்டும் குழியுமான ரோட்டில் போய், தறிக் கொட்டகையில் இறங்கி, திரும்பி வந்தது. ஒருமுறை நானே போய்ப் பார்த்தேன். தறிகள் தடதடவென்று அடிக்கின்றன, தரை அதிர்கிறது, பலகைத் தட்டில் என் பாட்டில் குதித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே படிந்த கசடெல்லாம் கலங்கிப்போயிருக்கும். கப்பலில் ஒரு பாட்டிலை யாராவது இப்படி ஆட்டியிருந்தால் கத்தியிருப்பேன். அங்கே எனக்குக் கத்தத் தோன்றவில்லை. வெயில், சத்தம், அலுப்பு. ஒரு டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அந்தச் சமயத்தில்தான் பால் அடிப்பிடித்தது. மனைவி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் சமையலறையிலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் படியில் இறங்கும்போதே சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"பாலு அடிப்புடிச்சி வூடே நாறிகினு கீது. பக்கத்துலயே குந்திகினு இன்னாங்க பண்றீங்க?"

நான் பேப்பரை இறக்கிப் பார்த்தேன். பாத்திரம் கறுத்து, புகைகூட வந்துகொண்டிருந்தது. எனக்கு எந்த நாற்றமும் வரவில்லை. ஜலதோஷம் என்று சொன்னேன். ஜலதோஷம் இல்லை என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு திருட்டுத்தனமாக ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். காபித்தூள் டப்பாவை மூக்கோடு ஒட்டி வைத்தால்தான் லேசாகத் தெரிந்தது. பெருங்காயம் தெரிந்தது. கொத்தமல்லி தெரியவில்லை. மல்லிகைப்பூ தெரியவில்லை. மலைக்குப் போகிற வழியில் கடைக்குக் கடை ஊதுபத்தி புகையும், அதன் நடுவில் நின்று பார்த்தேன், கண்தான் எரிந்தது. திருவள்ளூரில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் தனியாகப் போனேன். அவர் குழாய் விட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுக்கச் சொல்லி, கட்டி கிட்டி எதுவும் இல்லை, நரம்பு தளர்ந்துகொண்டு வருகிறது என்றார். திரும்பி வருமா என்று கேட்டேன். எதிர்பார்க்காதீர்கள், இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம் என்றார். "சாப்பாடு நல்லா சாப்பிடறீங்கல்ல? அது போதும்" என்று சொல்லி அனுப்பினார். நான் என்ன வேலை பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பாட்டிலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். இனி இருபது வருடம் என்ற பேச்சே இல்லை. அதுவரை நான் இருந்தாலும் மூக்கு இருக்காது. கிட்டப் போனால்தான் கேட்கிற குரலில் பேசும் பழைய போர்ட், செவிடன் மாதிரி ஆகிவிட்ட என் மூக்குக்கு எதற்கு? புதிய போர்ட் அப்படி இல்லை, அது கத்தும். பெருங்காயம் எட்டுகிற மூக்குக்கு அதுவும் எட்டும். எனக்காக வாங்கிய ஒரே பாட்டிலை முழுசாகத் தெரிந்து குடிக்க வேண்டுமானால் இப்போதே, மூக்கில் மிச்சம் இருக்கும்போதே திறக்க வேண்டும். அந்த வாரமே குடித்துவிடுவது என்று இறங்கினேன்.

ஆனால் ஆடி பிறந்திருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு என் மனைவி காவடி எடுக்க மாலை போட்டுவிட்டாள். வீட்டில் வெங்காயம் பூண்டே கிடையாது, நானும் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வருகிறேன், இதில் ஒயினைப் பற்றி எப்படிப் பேசுவது? பாட்டில் முன்கூட்டியே ஆர்.கே.பேட்டை போய்விட்டது. காவடி முடிந்தது, காலில் கொப்புளத்தோடு அவள் படுத்தாள். அவள் தேறி எழுந்ததும் மச்சானுக்குப் போன் செய்தேன். அவன் மனைவி வீட்டில் ஒரு பெரியவர் இறந்து காரியத்துக்கு நகரி பக்கம் போயிருந்தான், கொட்டகை பூட்டியிருந்தது. அவன் வந்தான், புரட்டாசி வந்தது. அவர்கள் வீட்டில் பெருமாளுக்கு மாதம் முழுவதும் விரதம். "இந்த மாசம் அந்த பாட்டில கையால தொட மாட்டேன் பாவா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றான். நான் தப்பாக எல்லாம் நினைக்கவில்லை. திருத்தணியில் ஒருவன் பாட்டிலைத் திறக்க வேண்டுமென்றால் எந்த மாதத்தில்தான் திறப்பது என்று மட்டும் நினைத்தேன். மாதத்துக்கு ஒரு சாமி காவல் இருக்கிறது.

இதற்கிடையில் காபித்தூள் போய்விட்டது. டப்பாவுக்குள் மூக்கை விட்டாலும் இல்லை. பெருங்காயம் மட்டும் எங்கோ பக்கத்து வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஆயுத பூஜை அன்று காலையில் பஸ் ஏறி நானே ஆர்.கே.பேட்டைக்குப் போனேன், யாரும் தொட வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று.

கொட்டகையை அன்று கழுவி, மாவிலை கட்டியிருந்தார்கள். தறிகளுக்கு மாலை. நடுவில் ஒரு பலகை போட்டு ஸ்பேனர், கத்தரிக்கோல், எண்ணெய்க் கேன், தறி நாடா, திருப்புளி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அந்த வரிசையில், எண்ணெய்க் கேனுக்குப் பக்கத்தில், என் போர்ட் பாட்டில் நிமிர்ந்து நின்றது. கழுத்தில் விபூதிப் பட்டை, லேபிளுக்கு மேலே பெரிய சந்தனம், அதன் நடுவில் குங்குமம். காலடியில் ஓர் எலுமிச்சம்பழம்.

மச்சான் தலையைச் சொறிந்தான். "நான் வைக்கலங்க பாவா. தறி ஓட்றவரு ஏதோ எண்ண பாட்டிலுன்னு நெனச்சி பொட்டு வச்சிட்டாரு. கப்பூரமும் காட்டியாச்சி."

"சரி, எடுத்துக்கறேன்."

"பூஜையில வச்சத நாளைக்கிதான் எடுக்கணும் பாவா. இன்னிக்கு ஒரு ஆணியகூட அசைக்க மாட்டோம். இப்ப சாமி கும்பிட்டதாச்சே, நாளைக்கி நானே தொட்டு எடுத்தாறேன்."

பொரி கடலையும் சுண்டலும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வந்தேன். சொன்ன சொல் தவறாமல் மறுநாள் அவன் கொண்டுவந்தான், பொட்டு கலையாமல் இருக்க வேண்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். என் மனைவி அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அன்றைக்கே திறக்க வேண்டும் என்று சொன்னேன்.

"பொட்டு வச்சி கும்பிட்டத எப்படிங்க குடிக்கிறது?" என்றாள். "அந்தப் பொட்டு தானா உதிரட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

அவளிடம் அப்போது மூக்கைப் பற்றிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். நான் சொல்லவில்லை. மோந்து பிழைத்தவனுக்கு மூக்கு போய்விட்டது என்று வாயால் சொல்வது எனக்கு முடியாத காரியமாக இருந்தது. பாட்டில் மறுபடி காய்கறி ட்ரேயில் படுத்தது. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் குங்குமத்தைப் பார்ப்பேன். குளிரில் அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அப்புறம் சஷ்டி வந்தது. பெருங்காயமும் போயிற்று.

ஐப்பசி கடைசியில் புயல் என்றார்கள். இரண்டு நாள் மழை, காலையிலிருந்து கரண்ட் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் சும்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பாட்டிலை எடுத்து வந்து என் முன்னால் தரையில் வைத்தாள். முந்தானையால் குங்குமத்தையும் சந்தனத்தையும் அழுத்தித் துடைத்தாள்.

"தொறங்க. நாளானிக்கு கிருத்திக. மறுபடியும் அவன வரச்சொல்லி, துண்டுல சுத்தி, வண்டில ஏத்தி... என்னால ஆவாதுங்க. அலுத்துப் போச்சி."

"பொட்டு உதிரணும்னு சொன்னியே."

"சொன்னேன். உங்களுக்கு வாசன தெரியலன்னு எனக்குத் தெரியும். கப்பூரம் காட்டி எடுத்தாந்தா கண்ணுல ஒத்திக்கிறீங்க, மூக்கு அசையறதே இல்ல. சோறு வெந்துச்சான்னு மோந்து சொல்றவரு, கரண்டில எடுத்து நசுக்கிப் பாக்குறீங்க. எப்ப சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன். இப்ப தொறங்க."

எழுந்து போய் தக்கைத் திருகியைத் தேடி எடுத்தேன். தக்கை வெயிலில் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தது, ஓரத்தில் ஒயின் கசிந்த கறை. கை பழக்கத்தில் தானாக வேலை செய்தது. அசைக்காமல் சாய்த்து, வெள்ளை வேட்டித் துணியில் வடியவிட்டு, ஒரு எவர்சில்வர் செம்பில் மெல்ல இறுத்தேன். கசடு துணியில் கருப்பாகத் தங்கியது. வீட்டில் இருந்த கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றினேன். நிறம் இருந்தது, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் கத்திரிப்பூ நிறம். மூக்கை உள்ளே விட்டு இழுத்தேன்.

ஒன்றும் இல்லை. தண்ணீரை மோந்த மாதிரி. மறுபடி இழுத்தேன், டம்ளரைச் சுழற்றிவிட்டு இழுத்தேன். வாயில் விட்டேன். இனிப்பு தெரிந்தது. நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு தெரிந்தது. தொண்டையில் சூடு இறங்கியது. இருமல் மருந்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. வெயிலும் தறிக் கொட்டகையும் சேர்ந்து இதைக் கொன்றுவிட்டனவா, இல்லை என் மூக்குதான் செத்துவிட்டதா, அதுகூடத் தெரியவில்லை. முப்பது வருடம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் சோறு தின்றேன்.

டம்ளரை அவளிடம் நீட்டினேன். "நீ மோந்து பாரு. குடிக்க வேணாம். கெட்டுப் போச்சா இல்லையான்னு மட்டும் சொல்லு."

"எனக்கு இன்னாங்க தெரியும் இதுல?"

"உனக்கு இன்னா வருதோ அதச் சொல்லு."

அவள் ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். மருந்தை மோந்து பார்ப்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு மூக்கருகே கொண்டுபோனாள். சுளிப்பு மெல்லப் போய்விட்டது. இன்னொரு தடவை மோந்தாள். டம்ளரை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாச்சி? கெட்டுப் போச்சா?"

"இது உங்க சட்ட வாசனங்க."

எனக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு தபாவும் கப்பல்ல இருந்து வந்து பொட்டியத் தொறந்தீங்கன்னா, மேல இருக்கற வெள்ள சட்டையில இதான் வரும். நாகப்பழத்த நசுக்கி வெல்லத்துல போட்டா மாதிரி. கப்பல் வாசனன்னு நெனச்சிகினு இருந்தேன்."

பயணத்தின் கடைசி இரவு விருந்தில்தான் விண்டேஜ் போர்ட் மேசைக்குப் போகும். வடிக்கும்போது கையில் வழியும், சட்டைக் கையிலேயே துடைத்துக்கொள்வோம். விடிந்தால் இறங்க வேண்டும், சலவைக்குப் போட நேரம் இருக்காது, அப்படியே பெட்டியில் மேலாகத் திணித்துக்கொண்டு வருவேன். அந்தச் சட்டைகள் என்ன ஆயின என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

"துவச்சிடுவியே?" என்றேன்.

"எல்லாத்தையும் துவச்சிடுவேன். ஒண்ண மட்டும் வச்சிப்பேன். நீங்க திரும்பிப் போனப்புறம் பீரோல என் பொடவைக்கு அடியில இருக்கும். அப்பப்ப எடுத்துப் பாத்துகினு இருப்பேன்."

"எவ்ளோ நாளு இருக்கும் அந்த வாசன?"

"கொஞ்ச நாளுதான் இருக்கும். இந்த வெயிலுக்கு இன்னாத்த நிக்கப் போவுது? நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடும்." டம்ளருக்குள் பார்த்தபடியே சொன்னாள். "ஒண்ணும் இருக்காது. சும்மா சட்டதான். நீங்க வர்ற வரைக்கும் அதையும் வச்சிகினுதான் இருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயில் ஒயினின் இனிப்பும் துவர்ப்பும் மட்டும் இருந்தன. பாட்டில் கெடவில்லை, நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மறுபடியும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.